சொல்லியது செய்தலும் அறிந்து செய்தலும்: செவிலியர் மருந்தளிப்பு வரலாறு குறித்து ஓர் ஆய்வு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் தமிழ் ஆய்வுலகில் பெரும்பாலும் உணவு, செரிமானம், அளவறிந்து உண்ணல் என்னும் நோக்கிலேயே ஆராயப்பட்டு வந்துள்ளது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் (950) மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து அளிப்பவன் என்பன அவை. நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். 'உழை' என்பது பக்கம் என்னும் பொருளது. நோயாளியின் பக்கத்தில் நின்று செயற்படுபவன் என்பது கருத்து. மருத்துவமனை என்னும் நிறுவனமே பெருவழக்காகாத காலத்தில், மருத்துவனுக்கு ஒப்பத் தனியொரு கூறாக இவனை எண்ணியிருப்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பரிமேலழகர் இந்நான்கனுள் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு வகை கூறுவர். மருந்தளிப்பவனை அவர் 'இயற்றுவான்' என்று குறிக்கிறார். நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, இட்டதை இட்டவாறே செய்யும் ஆற்றல், அறிவு என்பன அவனுக்கு அவர் வகுத்த இயல்புகள். இப்பகுப்பு வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்துச் சூத்திரத்தானம் முதல் இயலில் காணப்படும் பகுப்போடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. அங்கும் பணியாளனுக்கு அனுரக்தன், சுசி, தக்ஷன், புத்திமான் என்னும் நான்கு அடைகளே உள்ளன. எனினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. வாக்படர் மருத்துவனுக்கும் 'தக்ஷன்' என்கிறார், பணியாளனுக்கும் 'தக்ஷன்' என்கிறார். திறமுடையவன் என்பது அச்சொல்லின் பொருள். பரிமேலழகர் உரையில் அவ்வொரு திறம் இரண்டாகப் பிரிகிறது. மருத்துவன்பால் அது நோயைக் கண்டு அஞ்சாமையாகிறது. பணியாளன்பால் சொன்னதைச் சொன்னபடி செய்தலாகிறது. உரையாசிரியர் நேரே வாக்படரைப் பின்பற்றினாரா, பொதுமரபு ஒன்றைப் பின்பற்றினாரா என்பது தனியே ஆராயத்தக்கது. எவ்வாறாயினும் பணியாளனின் திறம் கீழ்ப்படிதலாக விளக்கம் பெற்றுவிட்டது என்பது தெளிவு.

இட்டவாறு செய்தலும் அறிவும் ஒருவரிடத்தே எதிர்பார்க்கப்பட்ட இரு குணங்கள். இட்ட கட்டளை சரியாக இருக்கும்வரை இவற்றிடையே முரண் இல்லை. கட்டளை பிழையானால் எது முந்தும் என்னும் வினா எழும். இவ்வினாவை உரை எழுப்பவில்லை. நவீன மருத்துவமனை அதனை நாள்தோறும் எதிர்கொள்கிறது. செவிலியர் மருந்தளிப்பின் கடந்த ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை இவ்வினாவின் வரலாறாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறுதிமொழியின் இரு தொடர்கள்

1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அவர் எழுதிய செவிலியர் கையேட்டில் நோயாளியை உற்றுநோக்கலுக்கெனத் தனி இயலே உண்டு. ஆயினும் பள்ளிகள் பெருகியபோது வலுப்பெற்றது படிநிலை ஒழுங்கே. நம் நாட்டில் 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியதைச் செவிலியப் பாடநூல்கள் முதன்மை நிகழ்வாகக் குறிக்கின்றன. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டம் 1926இல் வந்தது. 1946இல் வேலூரிலும் தில்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1947இல் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் நிறைவேறிற்று. 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கைப்படி அன்றைய இந்தியாவில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்தார். எனவே பெரும்பான்மை இந்திய நோயாளிகளுக்கு உழைச்செல்வாராக நின்றவர் தாயோ மனைவியோ மகளோதான். இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் 'உடனிருப்பவர்' என்று அழைக்கப்படுபவர் அவரே.

செவிலியக் கல்லூரிகளில் விளக்கேற்று விழாவின்போது மாணவியர் கூறும் உறுதிமொழி நைட்டிங்கேல் எழுதியதென்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலமைந்த குழு இயற்றியது. அதன் ஒரு தொடர், தீங்கு செய்யும் மருந்தை அறிந்து எவருக்கும் அளியேன் என்கிறது. மற்றொரு தொடர், மருத்துவரின் பணிக்கு விசுவாசத்துடன் துணைநிற்பேன் என்கிறது. மருத்துவர் சொன்ன மருந்தே தீங்கு செய்யுமானால் என்செய்வது? உறுதிமொழி இதற்கு விடை தரவில்லை. பரிமேலழகர் வகுத்த இரு குணங்களும் இங்கே இரு தொடர்களாக மீண்டும் பக்கம்பக்கமாக நிற்கக் காண்கிறோம்.

19ஆம் நூற்றாண்டில் இவ்வினா அத்துணைக் கூர்மை பெறவில்லை. அன்றைய மருந்துகள் பல வலிமை குறைந்தவை. ஊசி மருத்துவர் கையிலேயே இருந்தது. 1940களில் பெனிசிலின் வந்தபின் நிலைமை மாறியது. தொடக்ககாலப் பெனிசிலினை இரவும் பகலும் மூன்று நான்கு மணிக்கொருமுறை ஊசிவழிச் செலுத்த வேண்டியிருந்தது. இப்பணியை மருத்துவர் செய்தல் இயலாது. ஆகவே ஊசிக்குழல் செவிலியர் கைக்கு வந்தது. அதனுடன் ஒவ்வாமையால் சில நிமிடங்களில் உயிர் போகக்கூடிய அச்சமும் வந்தது. கருவி கைமாறியது போல் முடிவெடுக்கும் உரிமை கைமாறவில்லை.

ஒரு தொலைபேசிக் கட்டளை

1966இல் சார்லஸ் ஹோஃப்லிங் என்னும் உளமருத்துவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, கட்டளைக்கும் அறிவுக்கும் இடையிலான மோதலை நேரடியாகச் சோதித்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் 22 வார்டுகளில் பணியிலிருந்த செவிலியர்க்கு அவர்கள் அறியாத ஒருவர் தம்மை மருத்துவரென்று கூறித் தொலைபேசியில் பேசினார். மருந்தலமாரியில் உள்ள 'ஆஸ்ட்ரோட்டென்' என்னும் மருந்தில் 20 மில்லிகிராம் ஒரு நோயாளிக்கு உடனே கொடுக்கும்படியும், தாம் வந்து பின்னர்க் கையொப்பமிடுவதாகவும் சொன்னார். பெட்டியின் மேல் நாளொன்றுக்குரிய உச்ச அளவு 10 மில்லிகிராம் என்று அச்சிடப்பட்டிருந்தது. தொலைபேசியில் கட்டளை பெறுதல் விதிக்குப் புறம்பானது. அம்மருந்து ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பட்டியலிலும் இல்லை. ஆயினும் 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் செல்ல முற்பட்டனர். வழியில் தடுத்து நிறுத்தப்பட்டனர். மருந்தென்று வைக்கப்பட்டிருந்தது தீங்கற்ற சர்க்கரை.

இதே நிலைமையை வேறு செவிலியரிடமும் மாணவியரிடமும் விவரித்து 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டபோது ஏறத்தாழ அனைவரும் மறுப்போம் என்றே விடையளித்தனர். அதாவது குறை விதியை அறியாமையில் இல்லை. இவ்வாய்வைப் பலர் செவிலியரின் பணிவுக்குச் சான்றாகக் காட்டி நகைப்பதுண்டு. அது பொருந்தாது என்பது 1977இல் ரேங்க், ஜேக்கப்சன் ஆகியோர் வெளியிட்ட மறுஆய்வால் விளங்கும். அவர்கள் செவிலியர் நன்கறிந்த 'வேலியம்' மருந்தை மிகையளவில் கொடுக்கும்படி கட்டளையிடச் செய்தனர். செவிலியர் உடன் பணியாற்றுவோரைக் கலந்துகொள்ளவும் வாய்ப்பிருந்தது. 18 பேரில் இருவரே கொடுக்க முற்பட்டனர். மருந்தைப் பற்றிய அறிவும் கேட்டுத் தெளியத் துணையும் இருந்தவிடத்துக் கட்டளை தானே தளர்ந்தது. பரிமேலழகர் நான்காவதாக வைத்த அறிவு, மூன்றாவதாக வைத்த ஆற்றலுக்கு வெறும் துணைக்குணமாக நில்லாமல் அதனைத் திருத்தவும் வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வார்டின் எழுத்தும் எண்ணும்

கட்டளை சரியாக இருந்தும் அது எழுத்தில் பிழைபடுவதுண்டு. தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பிக்கும் நமக்கு இது புதிதன்று. ஏடெழுதுவோர் பிழையால் பாட வேறுபாடு தோன்றும். மருந்துச் சீட்டில் தோன்றும் பாட வேறுபாடு உயிரைக் கொல்லும். இன்சுலின் 4 அலகு என்பதைக் குறிக்க, எண்ணை அடுத்து 'யூ' என்னும் ஆங்கில எழுத்தை இட்டால் அது சுழியமாகப் படிக்கப்பட்டு 40 ஆகிவிடும். முன்னே சுழியம் இல்லாத தசமப்புள்ளி கண்ணுக்குத் தப்பினால் அளவு பத்து மடங்காகும். 'டோபமின்', 'டோபுடமின்' என்பன இதயத்தின்மீது செயற்படும் இருவேறு மருந்துகள். விரைந்தெழுதிய கையெழுத்தில் இவற்றைப் பிரித்தறிதல் அரிது. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் பெரிய எழுத்திலும் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதித்தது. அக்கழகம் 2020இல் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு இடம்விட்டு மறைந்தது. கையெழுத்துப் பற்றிய முறையீடு மறைந்ததாகத் தெரியவில்லை.

இன்சுலினில் இந்தியாவில் மற்றொரு சிக்கலும் உண்டு. இங்கு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட குப்பியும் 100 அலகு கொண்ட குப்பியும் விற்பனையில் உள்ளன; இவ்விரண்டுக்கும் தனித்தனி அளவுக்கோடிட்ட சிரிஞ்சுகள் உள்ளன. 100 அலகுக் குப்பியிலிருந்து 40 அலகுச் சிரிஞ்சால் எடுத்தால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு மருந்து சேரும். செவிலியர் கட்டளையில் உள்ள எண்ணைச் சிரிஞ்சின் கோட்டில் பிசகின்றி நிறுத்தியே இப்பிழை நேர்கிறது என்பது கருதத்தக்கது. சொல்லியது சொல்லியவாறு செய்யப்பட்டது. நோயாளியின் இரத்தச் சர்க்கரையோ உயிருக்கே கேடாகும் அளவு தாழ்ந்தது.

பொட்டாசியம் குளோரைடின் வரலாறு இதனினும் படிப்பினை மிக்கது. 10 மில்லிலிட்டர் ஆம்பூலில் 15 விழுக்காட்டுச் செறிவில் வரும் இம்மருந்தை உப்புநீரில் கலந்து மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாகச் செலுத்த வேண்டும். நேரே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். தோற்றத்திலோ அது காய்ச்சிவடித்த நீர் ஆம்பூலை ஒத்தது. பல நாடுகளில் பல்லாண்டுகள் இவ்விரண்டும் ஒரே தட்டில் இருந்தன. நள்ளிரவில் கை மாறியவிடத்து நோயாளிகள் இறந்தனர். கவனம் தேவை என்று செவிலியர்க்கு அறிவுறுத்துவதே நெடுங்காலம் தீர்வாகக் கருதப்பட்டது. 1998இல் அமெரிக்க மருத்துவமனைகளை மதிப்பிடும் கூட்டு ஆணையம் தன் முதல் எச்சரிக்கை அறிக்கையை இம்மருந்தைப் பற்றியே வெளியிட்டது. செறிந்த ஆம்பூலை வார்டிலிருந்தே அகற்றவேண்டும் என்பது அதன் சாரம். ஆம்பூல் இடம்மாறிய மருத்துவமனைகளில் அதனைத் தவறாக எடுக்கும் வாய்ப்பே அற்றுப்போயிற்று.

செவிலியக் கல்வியில் 'ஐந்து சரிகள்' என்றொரு வாய்பாடு கற்பிக்கப்படுகிறது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பின்னர்ச் சரியான பதிவு முதலியன இதனுடன் சேர்க்கப்பட்டன. வாய்பாடு பயனுடையதே. ஆயினும் இவ்வைந்தும் அடையவேண்டிய இலக்குகளைச் சொல்லுகின்றனவேயன்றி அடையும் வழியைச் சொல்லவில்லை. பிழை நேர்ந்தபின் செவிலியரைக் குற்றஞ்சாட்டவே இவை பெரிதும் கைக்கொள்ளப்படுகின்றன என்னும் மறுப்பு செவிலியர் தரப்பிலும் மருந்துப் பாதுகாப்பு ஆய்வாளர் தரப்பிலும் எழுந்துள்ளது. அம்மறுப்பு நேரியதென்றே எண்ணுகிறேன். முதற் 'சரி'யாகிய நோயாளியை இனங்காணலையே எடுத்துக்கொள்வோம். 'நீங்கள் முருகன்தானே?' என்று கேட்டால் மயக்கத்திலிருப்பவரும் காது கேளாதவரும் 'ஆமாம்' என்பர். 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டு அவர் வாயாற் சொல்லக் கேட்கவேண்டும் என்பது விதி. தில்லி, மும்பை மருத்துவமனைகளில் கேரளச் செவிலியர் பெருந்தொகையினர் பணியாற்றுவதை அனைவரும் அறிவர். நோயாளி இந்தியிலோ மராத்தியிலோ தமிழிலோ பேசுகிறார். குறிப்பேடோ ஆங்கிலத்திலும் இலத்தீன்வழிச் சுருக்கங்களிலும் உள்ளது. இம்மூன்று மொழிகளுக்கு நடுவே நின்றுதான் செவிலியர் ஐந்து சரிகளையும் சரிபார்க்கிறார்.

ஐந்தும் சரியாக இருந்தும் தீங்கு நேர்ந்த நிகழ்வுகளும் உண்டு. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரால் கொடுக்கப்பட்ட நோயாளிகளுள் 14 பேர் இறந்தனர். மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. நீதிபதி லெண்டின் ஆணையம் கொள்முதலிலும் மருந்துக் கட்டுப்பாட்டிலும் இருந்த சீர்கேடுகளை வெளிப்படுத்திற்று. 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாடா வட்டாரத்தில் இருமல் மருந்தருந்திய குழந்தைகள் பலர் இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்திலும் அதே நஞ்சு இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு காட்டியது. குப்பியின் மேலெழுத்தை எத்தனை முறை படித்தாலும் செவிலியரோ தாயோ இதனை அறிய இயலாது. உழைச்செல்வானின் அறிவுக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள பொறுப்பு அரசினது.

மருந்துத்துன்பம்

இதுவரை பிழைபட்ட மருந்தளிப்பைப் பார்த்தோம். சரியான மருந்து சரியான அளவில் தரும் தீங்கு வேறு வகையினது. பரிமேலழகர் நோயாளிக்குக் கூறிய நான்கனுள் இறுதியானது 'மருந்துத்துன்பம்' பொறுத்தல். வாக்படர் இவ்விடத்தில் மனவலிமை என்னும் பொதுப்பொருளுடைய 'சத்துவவான்' என்பதோடு நிறுத்துகிறார். அவ்வலிமை எதற்கு வேண்டும் என்பதைத் தமிழுரையே விளக்குகிறது. கைப்பு, சுட்டிகை, அறுவை, பத்தியம் ஆகிய வருத்தங்களையும் அச்சொல் தழுவியிருத்தல் கூடும். இன்றைய பக்கவிளைவு என்பதற்கு அதனை நேர்நிகராகக் கொள்ளல் மிகையாகும். எனினும் மருந்தும் துன்பம் தரும் என்னும் அறிவு அதில் வெளிப்படை. அதற்கு முந்திய இயல்பாக நோய்நிலையை உணர்த்தல் கூறப்பட்டுள்ளது. நோயின் நிலையை உணர்த்த வேண்டிய நோயாளி மருந்தின் துன்பத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அக்கால நெறி.

1785இல் வில்லியம் விதரிங் டிஜிட்டாலிஸ் மூலிகை பற்றி எழுதிய நூல், பொறுத்தலுக்கு மாறாக உற்றுநோக்கலை வற்புறுத்தியது. குமட்டல், பார்வையில் மஞ்சளும் பச்சையும் தோன்றல், நாடி தளர்தல் முதலியவற்றை அவர் விரித்துரைத்தார். மருந்தின் செயல் சிறுநீரிலோ வயிற்றிலோ நாடியிலோ குடலிலோ முதலிற் புலப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும் என்றார். இவ்வறிவுரையின் வழித்தோன்றலே இன்றைய வார்டுகளில் நிலவும் ஒரு விதி. டிகாக்சின் கொடுக்குமுன் ஒரு நிமிடம் முழுதும் நாடியை எண்ணுக. வயது வந்தோர்க்கு 60க்குக் கீழிருப்பின் கொடாது மருத்துவருக்கு அறிவிக்க. வலிப்புற்ற கருவுற்ற பெண்டிர்க்கு மக்னீசியம் சல்ஃபேட் கொடுக்கையிலும் முழங்கால் அனிச்சை, மூச்செண்ணிக்கை, சிறுநீரளவு ஆகியவற்றைப் பார்த்த பின்னரே அடுத்த ஊசி. இவ்விடங்களில் கட்டளையை நிறுத்திவைப்பதே கட்டளையின் பகுதியாகிவிட்டது.

இந்திய வரலாற்றில் இதற்குரிய சிறந்த எடுத்துக்காட்டு சென்னையில் கிடைக்கிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆகியவை இணைந்து காசநோய் மருந்துமுறை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே. 1959இல் வெளியான அதன் முதல் ஆய்வு, வறிய நோயாளிகள் நெருக்கடியான வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் ஆரோக்கிய நிலையத்தில் தங்குவோர்க்கு ஒப்பக் குணமடைவர் என்று நிறுவி உலகக் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. வீடே வார்டானபின் உண்ட மாத்திரையும் உண்ணாத மாத்திரையும் எவ்வாறு அறியப்படும்? மையத்தினர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். அங்கு மேற்பார்வையிட்ட வாலஸ் ஃபாக்ஸ் நோயாளி தானே மருந்துண்ணலின் இடர்ப்பாடுகளை 1958இலேயே எழுதியிருக்கிறார்.

அடுத்த ஆய்வுகளில் ஐசோநயாசிட் மருந்தை மிகுந்த அளவில் தனியே பெற்றோருள் சிலர்க்குக் கைகால் நரம்பழற்சி தோன்றியது. 1960இல் மையம் இதனை வெளியிட்டது. மருந்தை உடல் மெல்லச் சிதைப்போரிடத்தே அது மிகுதி என்பதும் தெரியவந்தது. பின்னர், பிரிடாக்சின் என்னும் உயிர்ச்சத்தைச் சிறிதளவு சேர்த்தளித்தால் இதனைத் தடுக்கலாம் என்பதும் அங்கேயே நிறுவப்பட்டது. இன்று காசநோய் மாத்திரையோடு பிரிடாக்சின் கொடுக்கும் வழக்கத்தின் பின்னே இவ்வரலாறு உண்டு. உள்ளங்காலில் எரிவு, விரல்நுனியில் மதமதப்பு என்பன எக்ஸ்ரே படத்திலோ சளிச் சோதனையிலோ தெரியா. நோயாளி சொன்னால்தான் உண்டு. பொறுத்துக்கொண்டிருந்தால் அவை பதிவேட்டுக்கு வந்திரா. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் வரும் தலைசுற்றலும் காதிரைச்சலும் இத்தகையனவே.

அறிவிக்கும் உரிமை

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைடு, கருவுற்றோர் உண்டமையால் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் உறுப்புக் குறையுடன் பிறந்த பின்னரே, 1961 நவம்பரில் அந்நாட்டில் திரும்பப் பெறப்பட்டது. ஹாம்பர்க் நகரின் விடுகிண்ட் லென்ஸ், சிட்னியின் வில்லியம் மெக்பிரைடு ஆகிய மருத்துவர் இருவர் பெயரும் இவ்வரலாற்றில் நிலைபெற்றன.

இதன் விளைவாகப் பிரிட்டனில் 1964இல் 'மஞ்சள் அட்டை' முறை வந்தது. மருந்தால் நேர்ந்ததென ஐயுறும் தீங்கை மருத்துவரும் பல்மருத்துவரும் அவ்வட்டையில் எழுதியனுப்பலாம். செவிலியர்க்கு அவ்வுரிமை 2002இல்தான் முழுமையாகக் கிடைத்தது. இரவு முழுதும் நோயாளியின் பக்கத்திலிருப்பவர் தாம் கண்டதைத் தம் பெயரில் எழுத 38 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுக் கண்காணிப்புத் திட்டம் 1968இல் தொடங்கியது. இந்தியாவில் 2004இல் தேசிய அளவில் ஒரு முயற்சி தொடங்கி நிலைபெறாது போயிற்று. 2010 சூலையில் இந்திய மருந்து விழிப்புத் திட்டம் தொடங்கப்பெற்று, 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. இத்திட்டத்தில் செவிலியர் தாமே அறிக்கை அனுப்பலாம். 2014இல் நோயாளிகளும் உறவினரும் அறிவிப்பதற்கென ஒரு படிவம் வெளியிடப்பட்டது. பின்னர் இந்தியிலும் தமிழ் உள்ளிட்ட பிற இந்திய மொழிகளிலும் அது வந்தது. பரிமேலழகர் கூறிய நோயாளி பொறுக்க வேண்டியிருந்ததை இப்படிவத்தின்வழி உரைக்கலாம்.

இங்கே தமிழ்த்துறைக்கு உரிய பணி தொடங்குகிறது. 'பக்கவிளைவு' என்பது ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வந்து வேரூன்றிவிட்ட சொல். முதன்மையற்றது, ஓரமாக நிகழ்வது என்னும் தொனி அதற்குண்டு. செவித்திறனை இழந்தவர்க்கு அவ்விழப்பு ஓரமான செய்தியன்று. 'எதிர்விளைவு', 'ஒவ்வாமை' என்பனவும் வழங்குகின்றன. ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்பாற்றல்வழித் தோன்றும் ஒருவகைத் தீங்கை மட்டும் குறிக்க வரையறுக்கப்பட்டுவிட்டது. மக்கள் வழக்கிலோ 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்பதே எல்லாவற்றையும் தழுவும் தொடர். 'பக்கவிளைவு ஏதேனும் உண்டா?' என்னும் வினாவுக்கு 'இல்லை' என்பவர், 'மருந்து ஒத்துக்கொள்கிறதா?' என்று கேட்டால் கிறுகிறுப்பையும் வாய்க்கசப்பையும் விரிவாகக் கூறுதல் கூடும்.

19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழ்வழி மருத்துவமும் கற்பித்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலியன அவ்வாறு வந்தவை. அவர் உருவாக்கியது மருத்துவன் பேசும் தமிழ். நோயாளி பேசும் தமிழும், அதனைச் செவிலியர் கேட்டெழுதும் தமிழும் அதனின் வேறு. மருந்துப் பெயர்களையும் தமிழெழுத்தில் மட்டும் எழுதிவிட்டால் போதும் என்று ஆர்வத்தால் கூறுவாரும் உளர். நம் எழுத்தில் வல்லினத்தின் ஒலிப்புடைய வடிவமும் ஒலிப்பில்லா வடிவமும் ஒரே எழுத்தைப் பெறுவதால், ஒலியால் நெருங்கிய இரு பெயர்கள் எழுத்தில் ஒன்றாகிவிடும் இடர் உண்டு. பெயர் உரோமன் எழுத்திலும் உடன் நிற்க, உண்ணும் முறையும் எச்சரிக்கையும் தமிழில் இருத்தலே பாதுகாப்பானது.

சங்க அக இலக்கியத்துச் செவிலி, தலைவியின் மெய்வேறுபாட்டை நோக்கி ஐயுறுபவள். அப்பெயரை நாம் மருத்துவமனைப் பணியாளர்க்கு இட்டோம். அவர் நோக்கும் மெய்வேறுபாட்டை நோயாளி எச்சொல்லால் கூறுகிறார் என்பதை வட்டாரந்தோறும் திரட்டினால் அஃது ஓர் அகராதியாகும். 'சூடு' என்னும் ஒரு சொல்லையே காண்க. மருந்து சூடு பிடித்துவிட்டது என்று நோயாளி சொல்லும்போது அவர் குறிப்பது நீர்க்கடுப்பாக இருக்கலாம், வாய்ப்புண்ணாக இருக்கலாம், கண்ணெரிச்சலாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கலாம். வேற்றுமொழிச் செவிலியர் அதனைக் காய்ச்சல் என்று கொண்டு வெப்பமானியை வைத்துப் பார்ப்பார். வெப்பம் இயல்பாக இருப்பது கண்டு, குறை ஏதுமில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார். அடுத்த வேளை மருந்து உரிய நேரத்தில் கொடுக்கப்படும்.